பழைய மடிக்கணினி உறங்குமா? விழிக்குமா?



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன்பின் பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவிப் பிள்ளைகளின் படிப்பிற்குக் கொடுக்கும் இல்லங்கள் பல. இது சிக்கனமான செயலே. எனினும், கணினியைப் பிள்ளையின் கையில் ஒப்படைக்குமுன் சோதிக்க வேண்டியது ஒன்றுண்டு: அது ஒழுங்காக உறங்கி, ஒழுங்காக விழிக்கிறதா என்பதே அது.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கணினியை மூடிப் பையில் வைக்கிறோம். அது உறங்காமல் விழித்திருந்தால் பைக்குள்ளேயே சூடேறும், பாட்டரி தீரும், சேமிக்காத பாடவேலையும் அழியும்.

இக்குறை ஏன் நேர்கிறது? 1992-இல் வந்த ஏ.பி.எம். முறையில் உறக்கப் பொறுப்பின் பெரும்பகுதி பயாஸிடம் இருந்தது. 1996-இல் வந்த ஏ.சி.பி.ஐ. முறை அப்பொறுப்பை இயங்குதளத்திடம் மாற்றியது. அதற்குரிய அட்டவணைகளைக் கணினி செய்தவரே எழுதித் தருவர். அவற்றுட் பல விண்டோஸை மட்டும் மனத்திற்கொண்டு சோதிக்கப்பட்டவை. அதனாலேயே, 'நீ எந்த இயங்குதளம்?' என்று அவ்வட்டவணை வினவும்போது லினக்ஸ் தன்னை விண்டோஸுக்கு ஒத்ததாகவே காட்டிக்கொள்கிறது! அப்படியும் சில பொறிகளில் தவறு நேர்வதுண்டு.

ஆகையால் சோதனை தேவை. முதலில், நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்குக. ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக் கணினியை உறங்கச் செய்து எழுப்புக. திரை, விசைப்பலகை, வைஃபை, ஒலி ஆகிய நான்கும் மீண்டனவா என்று பார்க்க. ஒரு முறை விழித்தது போதாது. பத்து முறை விழிக்க வேண்டும்.

அடுத்தது இரவுச் சோதனை. 80 விழுக்காட்டில் உறங்கிய கணினி, 8 மணி நேரத்திற்குப் பின் 75 காட்டினால் குறையில்லை. 40 காட்டினால் அது ஆழ்ந்து உறங்கவில்லை எனலாம். லினக்ஸில் 'டீப்' என்பது நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் தரும் ஆழ்ந்த உறக்கம். 'எஸ்2ஐடில்' என்பது மேலோட்டமான உறக்கம். பழைய பொறி 'டீப்' முறையை ஏற்குமாயின் அதனையே தேர்க.

உறங்கியது விழிக்காவிடில், லினக்ஸின் கெர்னலில் 'பி.எம். டெஸ்ட்' எனும் வசதி உதவும். அது நிரல்களை நிறுத்துதல், சாதனங்களை உறக்குதல் எனத் தொடங்கி, உறக்கத்தின் 5 கட்டங்களில் நாம் குறிக்கும் கட்டம்வரை சென்று, வழக்கமாக 5 வினாடி நின்று திரும்பிவிடும். முதற்கட்டம் தேறி இரண்டாவது தவறினால், பழி பெரும்பாலும் ஏதோவொரு சாதனத்தின் டிரைவரையே சாரும். உறங்குமுன் அந்த டிரைவரை நீக்கி, விழித்தபின் மீண்டும் ஏற்றுவது பலமுறை பலன் தரும் வழி.

பாட்டரியின் முதுமையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. புதிதாயிருந்தபோது கொள்ளக்கூடிய அளவையும், இன்று கொள்ளும் அளவையும் லினக்ஸ் தனித்தனியே காட்டும். முன்னது 48 வாட்-மணி, பின்னது 24 வாட்-மணி எனில் பாதி வலு போயிற்று என்று பொருள். அது பாட்டரியை மாற்றித் தீர்க்க வேண்டியது. லினக்ஸின் மீது குறை கூறிப் பயனில்லை.

எவ்வளவு முயன்றும் உறக்கம் வசப்படாத பொறியைக் குப்பையில் எறிய வேண்டா. மூடியைச் சாத்தினால் முழுவதும் அணையும்படி அமைத்துவிடுக. பாடத்தைச் சேமித்து, விளக்கு அணைந்ததைக் கண்ட பிறகே பையில் வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பித்தால், அந்தப் பழங்கணினி இன்னும் சில ஆண்டுகள் வீட்டிற்கு உழைக்கும்.