துன்பத்தில் துணைநிற்கும் விசுவாசம்



'விசுவாசம் உள்ளவர் கலங்கமாட்டார்' என்று நம் சபைகளில் பலர் சொல்லக் கேட்கிறோம். வேலை இழந்தவர், நோயாளியை இரவும் பகலும் பராமரிப்பவர், கடன் சுமையில் தவிப்பவர் என யாரேனும் கண்ணீரோடு வந்து நின்றால், 'உங்கள் ஜெபம் போதவில்லை போலும்' என்று அறிவுரை கூறுவோரும் உளர். இவ்வறிவுரை, ஏற்கெனவே குனிந்த முதுகின்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும் என்பதே என் கருத்து. அதைக் கேட்டவர், பின்னர் தம் துயரத்தை வாய்திறந்து சொல்லவும் அஞ்சுவார்.

வேதாகமம் இவ்வாறு கற்பிக்கவில்லை. 150 சங்கீதங்களுள் கணிசமானவை புலம்பல்களே. கெத்செமனே தோட்டத்தில் இயேசுபிரானே துக்கமுற்று, தம்மோடு விழித்திருக்குமாறு சீடர்களை வேண்டினார். எலியா தீர்க்கதரிசியோ யேசபேல் அரசிக்கு அஞ்சி வனாந்தரத்திற்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின்கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனிடம் மன்றாடினார். அப்போது வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான். எலியா உண்டு உறங்கினார். தூதன் மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தான். அதன் பின்னரே 40 நாள் நடைப்பயணம் தொடங்கிற்று. பசியோடு வரும் மாணவனிடம் வாய்ப்பாடு கேட்பதற்கு முன் அவனுக்கு உணவளிப்பதே முறை என்பதை ஆசிரியர்கள் அறிவோம். இறைவனும் அம்முறையையே கைக்கொண்டார்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் இதற்கொரு சான்று உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுள் ஸ்டான்லி வாரன் என்பவரும் ஒருவர். வயிற்றுக்கடுப்பும் சிறுநீரக நோயும் வாட்ட, சாங்கியில் கைதிகளுக்கான மருத்துவமனையில் கிடந்த அவரை, அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டுமாறு கேட்டுக்கொண்டனர். வண்ணத்திற்கு எங்கே போவது? உடனிருந்த கைதிகள் ஆபத்தைப் பொருட்படுத்தாது தேடிக் கொணர்ந்தனர். பில்லியர்ட்ஸ் ஆட்டத்திற்குரிய நீலச் சுண்ணத்தைப் பொடித்து நீல வண்ணம் கிடைத்தது. உடல் நலிந்திருந்த வாரன் சிறிது நேரம் தீட்டுவார், பின் இளைப்பாறுவார். இவ்வாறே ஐந்து ஓவியங்கள் உருவாயின. தம்மைச் சிலுவையில் அறைந்தோரை மன்னிக்குமாறு இயேசு வேண்டிய காட்சியை, எதிரிகளின் காவலில் இருந்தவாறே அவர் தீட்டினார்.

அதனால் சிறைக்கதவு திறந்துவிடவில்லை. 1945இல் போர் முடியும்வரை அவர் கைதியாகவே இருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் ஓவியங்களைப் புதுப்பிக்க அழைத்தபோது, பழைய நினைவுகளின் வேதனையால் முதலில் தயங்கினார். ஆயினும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூருக்கு வந்து அப்பணியைச் செய்தார். விசுவாசமும் வேதனையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

'அப்படியானால் ஜெபம் மட்டும் போதாதா?' என்று சிலர் வினவலாம். எலியா ஜெபித்தார், அதற்கு விடை அடையாகவும் தண்ணீராகவும் வந்தது. வாரனுக்கோ அது வண்ணம் கொணர்ந்த தோழர்களின் கைகளாக வந்தது. ஆகவே மருத்துவரை நாடுவதும், நம்பத்தகுந்த ஒருவரிடம் மனம் திறப்பதும், ஓய்வெடுப்பதும் விசுவாசக் குறைவு ஆகா. இறைவன் நீட்டும் கையைப் பற்றிக்கொள்வதே அது.

பாரம் சுமப்போரே, நீண்ட ஜெபம் இயலாவிடின் ஒற்றை வரியில் ஜெபியுங்கள். இன்றைக்குரிய சிறு பணியை மட்டும் செய்யுங்கள். சபையோரே, அடுத்த முறை கலங்கிய ஒருவரைக் கண்டால், அறிவுரைக்கு முன் ஒரு வேளை உணவைக் கொண்டு செல்லுங்கள். அவருடைய பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஜெபமே.

சிந்திப்போம், செயல்படுவோம்.