ஒரு குப்பி மருந்து, நூறு கோழி

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்று உங்களுக்குத் தெரியுமே. பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் பங்குனியில் ஒரு நாள் காலை. என்னிடம் நாலாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"டீச்சர், இருபத்திரண்டு உருப்படி. அஞ்சே நாள்ல எல்லாம் போச்சு. ஒத்தச் சேவல் மட்டும் கழுத்தத் திருகிக்கிட்டுக் கெடக்கு" என்றாள்.

தறியில் வேலை இல்லாத நாட்களில் அவள் வீட்டுக் கைச்செலவு அந்தக் கோழிகளால்தான் ஓடியது. அழுது முடித்துவிட்டு அவள் கேட்ட கேள்வி: "நல்ல ஜாதிக் குஞ்சு எங்க டீச்சர் கெடைக்கும்? கடன் வாங்கியாச்சும் திரும்ப எடுத்துரணும்."

"இப்ப குஞ்சு எடுக்காதம்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தப் பதிவு.

என்னிடம் கோழி பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இனத்தைத்தான். பெருவிடை நல்லதா, சிறுவிடை நல்லதா, கடக்நாத் எடுக்கலாமா என்று. அடுத்து தீவனம். கம்பா, குருணையா, அசோலாவா என்று. தடுப்பு மருந்து எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று இதுவரை ஒருவர்கூட முதல் கேள்வியாகக் கேட்டதில்லை. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பக்கம் வீட்டுக்கோழி வளர்ப்பைக் கெடுப்பது இனமும் இல்லை, தீவனமும் இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்கிற ஒரே ஒரு சீக்கு. அதற்கு மருந்து இருக்கிறது. நாம் போடுவதில்லை.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1970களின் கடைசியில் நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, டிரங்குப் பெட்டியும் இரண்டு சேலையும் வாங்கியது என் அம்மா கோழி விற்ற காசில். இரண்டாம் வருடம் வெயில் தொடங்கும்போது சீக்கு வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, றெக்கையைத் தொங்கப் போட்டு, பதினான்கு கோழியும் ஒரே வாரத்தில் போய்விட்டன. "ஆத்தா எடுத்துக்கிட்டா" என்று சொல்லிவிட்டு, அம்மா கம்மலை அடகு வைத்து என் விடுதிப் பணத்தைக் கட்டினாள். மறுபடி வளர்த்தாள். மறுபடி போனது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இதே கதை.

நான் டீச்சரான பிறகும் அதே கதைதான். 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம் ஆரம்பித்தார்களே, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து உங்களில் பலருக்கு நானே இரண்டு சொட்டு விட்டிருக்கிறேன். விடுபட்ட வீட்டைத் தேடித் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். 2014-இல் இந்தியாவில் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தபோது பெருமைப்பட்டேன். வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் அம்மாவின் கோழி செத்துக் கிடக்கும். "விதி" என்று நானும் சேர்ந்து சொன்னேன். வகுப்பில் தடுப்பூசிப் பாடம் நடத்தியவள் நான்.

இந்தச் சீக்குக்கு ஊர் பெயர் உண்டு. ராணிகேத் நோய் என்பார்கள். 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலையில் உள்ள ராணிகேத்தில் நம் நாட்டில் முதலில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். அதே குமாவுன் மலையில் முக்தேசுவர் என்ற இடத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940களிலேயே தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கும் வளர்ந்த கோழிக்குப் போடும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். சீக்கைக் கண்டுபிடித்து இருபது வருடத்துக்குள் மருந்து வந்துவிட்டது. என் வீட்டுக் கூட்டுக்கு அது வந்து சேர, நான் ஓய்வு பெற வேண்டியிருந்தது!

ஏன் வரவில்லை? சோம்பல் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. அதைச் சின்னக் கணக்காகச் சொல்கிறேன்.

இந்த மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு, இல்லையென்றால் அதற்கும் மேலே. ஐஸில் வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. பெரிய பண்ணைக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. ஐந்து கோழி வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? ஐந்து கோழிக்காக ஒரு குப்பியை உடைத்து 95 கோழிக்கான மருந்தைக் கீழே ஊற்றவா முடியும்?

அதனால்தான் சொல்கிறேன். கோழியைத் தனித்தனியாக வளர்க்கலாம். மருந்தைத் தெருவாகச் சேர்ந்துதான் போட முடியும்.

இதைத் தெரிந்துதான் அரசுக் கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமையைக் கோழிக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். பிப்ரவரியில் இருவார முகாமும் நடத்துகிறார்கள். இதோ பிப்ரவரி வரப் போகிறது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். போகும் முன் உங்கள் ஊர் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொள்ளுங்கள்:

1. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு. நாலாவது வாரம் இன்னொரு முறை.

2. எட்டு வாரம் ஆனதும் றெக்கைக்கு அடியில் ஊசி. அப்புறம் எப்போது திரும்பப் போட வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

3. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து.

4. சீக்கு வந்த கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. மருந்து நல்ல கோழிக்குத்தான்.

5. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு விடுங்கள்.

6. செத்த கோழியை ஆற்றிலோ குப்பையிலோ எறியாதீர்கள். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

"நாட்டுக்கோழிக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு, சின்ன வெங்காயமும் மஞ்சளும் போதும்" என்று என் சித்தப்பா மகன் சண்டைக்கு வருவான் என்று தெரியும். தம்பி, நானும் வெங்காயம் நறுக்கிப் போடுகிறவள்தான். சளிக்கும் இரை எடுக்கவும் நல்லது. ஆனால் இந்தச் சீக்கு வைரஸ். நம் அம்மாக்கள் கொடுக்காத மஞ்சளா, வேப்பிலையா? கூடு காலியானது காலியானதுதான். ஊசி போட்டால் நாட்டுக்கோழி பிராய்லர் ஆகிவிடும் என்பதும் வெறும் பேச்சு. போலியோ சொட்டு குடித்த நீ வேறு ஆளாகவா ஆகிவிட்டாய்?

"ஐந்து கோழிக்கு இவ்வளவு பாடா?" என்று வெளிநாட்டிலிருந்து கேட்பீர்கள். ஒரு நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முட்டையாவது இடும். ஐந்து கோழிக்கு 300. முட்டை 12 ரூபாய் என்று வைத்தாலும் 3,600 ரூபாய். அடை வைத்துக் குஞ்சு இறக்கினால் இன்னும் கூடும். உங்களுக்கு இது சின்னத் தொகை. யாரிடமும் கணக்குச் சொல்லாமல் ஒரு பெண் செலவழிக்கிற காசு அது. அதன் அருமை என் அம்மாவுக்குத் தெரியும்.

பெரிய பண்ணை போடுகிறேன் என்று லோனுக்கு அலைகிற தம்பிமாருக்கும் ஒன்று. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012-இல் என்ன ஆனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். முதலில் ஐந்து கோழியை ஒரு கோடைக்காலம் முழுக்க உயிரோடு காப்பாற்றிக் காட்டுங்கள். அப்புறம் லோனைப் பற்றிப் பேசலாம்.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கிறேன். அந்தச் சேவலும் பிழைக்கவில்லை. கூட்டைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதம் காலியாகப் போட வைத்தேன். ஆடி மாதம் என்னுடைய அடைக்கோழியையே பத்து முட்டையோடு தூக்கிக் கொடுத்தேன். எட்டு பொரித்தது. ஒன்றைப் பருந்து கொண்டுபோனது. மீதி ஏழுக்கும் மருந்து போட வேண்டும் என்று அவளே தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஏழு வீடு சேர்ந்தது, மொத்தம் 61 கோழி. சனிக்கிழமை விடிகாலையில் கூடையும் சாக்குமாக ஆட்டோவில் போனோம். நான் போலியோ நோட்டு எழுதிய மாதிரியே ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். மூன்று வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு வரவில்லை.

இதுவரை எங்கள் தெருவில் சீக்கு இல்லை. ஊசியாலா, அதிர்ஷ்டத்தாலா என்று ஒரே வருடத்தில் சொல்ல முடியாது. அறிவியல் பாடம் எடுத்தவள், அதனால் மிகைப்படுத்த மாட்டேன். இந்தப் பங்குனியும் அடுத்த பங்குனியும் போகட்டும், பார்ப்போம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊரில் இருப்பவர்கள் உங்கள் தெருவில் எத்தனை கோழி என்று இந்த வாரம் எண்ணுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ போன் போட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட கையோடு "கோழிக்கு மருந்து போட்டீங்களா?" என்றும் கேளுங்கள். போடவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கும் போன் போடுங்கள். நூறு கோழி சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது.

எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். டீச்சர் நோட்டில் ஏற்றிக்கொள்வேன். வராதவர் பெயரும் ஏறும்!

வாழ்க வளமுடன்.