டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யார்?

குழந்தைகளே, புது செல்போனைப் பார்த்து எழுதுபவர்களுக்குச் செலவு செய்வது யார்?

2012-ல் ஜெர்மனியின் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. மின்னணுக் கண்காட்சிக்கு, இந்திய வலைப்பதிவர்கள் இருவரை சாம்சங் நிறுவனம் தன் செலவில் அழைத்துச் சென்றது. அங்கே போனதும், சீருடை அணிந்து தன் போன்களை விளக்கச் சொன்னது. பார்த்து எழுத வந்தவர்கள் மறுத்தார்கள். ஊர் திரும்புவதே சிக்கலாயிற்று! போட்டி நிறுவனமான நோக்கியா கை கொடுத்தது. (அதற்கும் ஒரு விளம்பரம்தானே!) பிறகு சாம்சங் வருத்தம் தெரிவித்தது.

கம்மாபுரத்துப் பாட்டிகள் விருத்தாசலம் பீங்கான் கோப்பையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கடைக்காரர் பேச்சு மட்டும் போதாது.

பணமோ, பரிசோ, இலவசப் பயணமோ பெற்றுப் பொருளைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடியோவுக்குக் கீழே எழுதினால் மட்டும் போதாது. வீடியோவிலேயே சொல்ல வேண்டும்.