வாரம் அரை லிட்டர் தண்ணீர் எங்கே போனது?

ஏற்காடு மலைப்பாதையில் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. சேலத்தைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற வாத்தியார் காரை ஓரங்கட்டுவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. பின் சீட்டில் மகளும் நாலு வயதுப் பேத்தியும். கார், 17 வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி.

இறங்கியதும் துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். "ஏங்க, விசில் அடங்காம குக்கரைத் திறப்பீங்களா?" என்று மனைவி போட்ட சத்தத்தில் கை பின்வாங்கியது. நல்லவேளை! கொதித்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டரைத் திறந்து முகமும் கையும் வெந்துபோனவர்கள் உண்டு.

குக்கர் என்று அவர் சொன்னது அப்படியே பொருந்தும். ரேடியேட்டர் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. பல கார்களில் அது சுமார் 0.9 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் இன்னும் மோசம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சமவெளியில் சமாளித்த வண்டி மலையில் கைவிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வழியாக வந்த வேன் டிரைவர் ஒருவர்தான் நிறுத்தி உதவினார். "முக்கால் மணி நேரம் தொடாதீங்க சார். சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட்டே விரிசல் விட்டுரும்." இன்னொன்றும் சொன்னார். முள் ஏறும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வைக்க வேண்டுமாம். உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள்தான். ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி. இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க இது போதும்.

உண்மையில் கோளாறு அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. ஒரு வருடமாகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுவது வாத்தியாரின் வழக்கம். அதுவும் வீட்டு போர் தண்ணீர். "பழைய வண்டி, தண்ணி குடிக்கும்" என்பது அவர் கணக்கு. எந்த வண்டியும் தண்ணீர் குடிப்பதில்லை. கூலன்ட் சுற்றிவருவது மூடிய பாதையில். பல மாதங்களில் ரிசர்வ் டேங்க்கில் ஒரு துளி குறையலாம். வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் பார்த்த மெக்கானிக், பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். 35,000 ஆகும்." விற்றால் வண்டிக்கே அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைக்கும். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. மனைவியின் முழங்கால் சிகிச்சைக்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி போக அந்தக் கார்தான் துணை. எந்தச் சோதனையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாமல் திரும்பி வருவதே நல்லது. வாத்தியாரும் திரும்பிவிட்டார்.

அடுத்துப் பார்த்த வயதான மெக்கானிக் ஸ்பானரை எடுக்கவில்லை. "எப்ப சூடாகுது? டவுன் டிராஃபிக்லயா, பைபாஸ்லயா?" என்றுதான் முதலில் கேட்டார். நின்று நின்று போகும்போது சூடாகி, ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஸ்விட்ச் பக்கம் பார்க்க வேண்டும். டிராஃபிக்கில் சும்மா இருந்து, வேகமாக ஓடும்போதும் ஏற்றத்திலும் சூடானால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, பம்ப் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். "முள் ஏறிட்டுத் திடீர்னு கீழ விழுந்துச்சா?" என்பது அடுத்த கேள்வி. ஆமாம், மலையில் விழுந்தது. ஆறிவிட்டது என்று வாத்தியார் சந்தோஷப்பட்டிருந்தார். கூலன்ட் மட்டம் சென்ஸாருக்குக் கீழே இறங்கிவிட்டால், முள் பொய் சொல்லும். அப்போதும் ஓட்டிக்கொண்டே போனால்தான் ஹெட் வளைந்துபோகும்.

மறுநாள் காலை, இன்ஜின் நன்றாக ஆறியபின் சோதனை. ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார்: காபி நிறத்தில் நுரை இல்லை. ஆயிலோடு தண்ணீர் கலக்கவில்லை. இன்ஜினை ஓட்டிச் சூடாக்கியபின் சைலன்ஸரில் விடாத வெள்ளைப் புகையும் இல்லை. ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தார். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். மாறவில்லை. ஹெட் கேஸ்கெட் மேல் இருந்த பழி பெரும்பாலும் நீங்கியது.

அப்படியானால் தண்ணீர் எங்கே? வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை என்றார் வாத்தியார். ஏ.சி. போட்டால் முன்பக்கம் சொட்டும் தெளிந்த தண்ணீர் வேறு விஷயம், அது கோளாறே அல்ல. கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ தெரியும், தொட்டால் வழுவழுக்கும். இங்கே ஊற்றியதே நிறமில்லாத தண்ணீர். அதுவும் சூடான இன்ஜின் மேல் சொட்டி அங்கேயே ஆவியாகிவிடுகிறது. தரைக்கு எப்படி வரும்?

காட்டிக்கொடுத்தது போர் தண்ணீரின் உப்பு. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் கசிவு அதன் வழியாகத்தான் வெளியே வரும். டார்ச் அடித்துப் பார்த்தால், அந்தத் துவாரத்துக்குக் கீழே வெந்நீர் அண்டாவில் படிவதுபோல வெள்ளைக் கோடு. ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் மாட்டி அழுத்தம் ஏற்றியதும், கேஜ் முள் மெல்ல இறங்கியது, துவாரத்தில் ஒரு சொட்டு தொங்கியது. மூடியைத் தனியாகச் சோதித்தபோது பாதி அழுத்தத்திலேயே விட்டுக்கொடுத்தது. இரண்டு கோளாறும் ஒன்றுக்கொன்று துணை.

மூன்றாவதாக ஒன்றும் கிடைத்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி! எப்போதோ யாரோ "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தப்பான பழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம்.

புது பம்ப், மூடி, தெர்மோஸ்டாட், ஊதிப்போயிருந்த மேல் ஹோஸ், பம்ப்பைச் சுற்றும் டைமிங் பெல்ட். ரேடியேட்டரைக் கழுவியபோது துருவும் சுண்ணாம்பும் கலந்த சேறு வந்தது. பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. துருவைத் தடுக்கும் மருந்தும் கூலன்டில்தான் இருக்கிறது, போர் தண்ணீரில் அல்ல. கூலியோடு சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது.

ரிசர்வ் டேங்க்கில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார் மெக்கானிக். காலையில் ஆறிய வண்டியில்தான் அதைப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. வாத்தியார் ஞாயிறுதோறும் பார்க்கிறார், கையில் சொம்பு இல்லாமல்.

மிச்சக் கூலன்ட் கேனை அவர் வாசல் திண்ணையில் வைத்திருந்தார். மகள்தான் அதை எடுத்துப் பரண்மேல் போட்டாள். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். குழந்தையோ நாயோ கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் விஷம் அது.