துரையா? தூதரா?

பிரிட்டிஷ் சர்க்காரின் பிரதிநிதி ஒருவர் டில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஓர் ஊருக்கு வருகிறார் என்றால், இன்றைக்கும் நம்மவர்களுக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒரு சாரார் மாலை, பொன்னாடை, பூரண கும்பம் என்று ஓடுகிறார்கள். மற்றொரு சாரார், நம்மை ஆண்டு கொள்ளையடித்த கூட்டமாயிற்றே என்று பல்லைக் கடிக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் நேர் விரோதிகள்போல் தோன்றலாம். ஆனால், நம் அபிப்பிராயத்தில் இருவரையும் பிடித்திருக்கும் நோய் ஒன்றேயாகும். வந்திருப்பவர் யார், அவருடைய வேலை என்ன, அதிகாரம் எவ்வளவு என்று இருவருமே விசாரிப்பதில்லை. இருவர் கண்ணுக்கும் அவர் இன்னும் துரையாகவே தெரிகிறார்.

நம் ராயகிரிப் பக்கத்து மக்களுக்கு இவ்விஷயத்தை யோசித்துப் பார்க்க மற்றவர்களைவிட அதிகக் காரணம் உண்டு. 1755-ல் கும்பினியாரின் கர்னல் ஹெரான் என்பவன் கப்பம் கேட்டுப் பட்டாளத்தோடு வந்து நின்ற நெற்கட்டான்செவல் நமக்கு அதிக தூரமல்ல. அன்று வந்தவன் எவர் சம்மதத்தையும் கேட்டு வரவில்லை. இன்று வருகிறவரோ, நம் நாட்டு சர்க்கார் சம்மதித்து, நம் குடியரசுத் தலைவர் அவருடைய நியமனப் பத்திரத்தை ஏற்றுக்கொண்ட பிறகே உத்தியோகம் பார்க்கிறவர். இந்த வித்தியாசம் சாமானியமானதா?

இதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு மனிதருடைய சரித்திரம் போதும். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த சர் ஆர்ச்சிபால்டு நை என்பவர் 1946-ல் சென்னை மாகாணத்துக் கவர்னராக வந்தார். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் அவரே கவர்னர். 1948-ல் அந்தப் பதவியை விட்டதும், அதே வருஷம் டில்லியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக அமர்ந்து 1952 வரை இருந்தார். ஆசாமி ஒருவரே, உத்தியோகம் வேறு. கவர்னராயிருந்தபோது சென்னைச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு அவருடைய ஒப்புதல் வேண்டியிருந்தது. ஹை கமிஷனரான பிறகோ, ராயகிரியில் ஒரு தலையாரியை மாற்றக்கூட அவருக்கு அதிகாரமில்லை. அப்படியானால் அன்று ஆண்டது அந்த மனிதரா, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியா? நாற்காலி போன பின்னும் கும்பிடுகிறவனை என்னவென்று சொல்வது?

பெயரைக் கண்டு மயங்குகிறவர்களும் உண்டு. ‘ஹை கமிஷனர்’ என்றால் ஏதோ கமிஷனருக்கும் மேலான அதிகாரி என்று பாமர மக்கள் நினைக்கிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பதற்கும் முகாந்திரம் இருக்கிறது. 1952-ல் மலாயாவுக்கு ஹை கமிஷனராகப் போன ஜெனரல் டெம்ப்ளர் அந்நாட்டை ஆள்வதற்கே அனுப்பப்பட்டவர். அவர் தஞ்சோங் மாலிம் ஊர் ஜனங்களை நாளொன்றுக்கு 22 மணி நேரம் வீட்டுக்குள் அடைத்து, அரிசி அளவையும் குறைத்துத் தண்டித்தார். அதே வருஷத்தில் டில்லியில் அதே பெயருடன் இருந்தவருக்கு ஒரு வீட்டின் கதவை அடைக்கவும் அதிகாரமில்லை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு! 1949-ல் லண்டனில் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியா குடியரசாகியும் காமன்வெல்த்தில் நீடித்தது. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர்; அவ்வளவே. லண்டனில் நம் தூதருக்கும் அதே பெயர்தான்.

1961-ல் வியன்னாவில் ஏற்பட்ட உடன்படிக்கை தூதர்களின் நிலையைத் தெளிவாக்குகிறது. தூதரைக் கைது செய்யக்கூடாது. ஆனால் அவர் வந்த நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும். உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது. வேண்டாதவர் என்று தோன்றினால், காரணம்கூடச் சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். காரணம் சொல்லாமல் போகச் சொல்லக்கூடிய ஒருவரைத் தெய்வம்போல் பாவிப்பது அறிவுடைமையாகுமா? அவர்களுடைய நாகரிகத்துக்கு நாம் வாய் பிளக்க வேண்டியதும் இல்லை. டில்லிக்கு ஒரு பெண்ணை ஹை கமிஷனராக அனுப்ப அவர்களுக்கு 2024 வரை, அதாவது நாம் சுதந்திரமடைந்து 77 வருஷம் பிடித்தது.

இனி, ஏசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு நூறு வருஷம் நிறைந்த 2019 ஏப்ரல் 13-ல், ஹை கமிஷனர் டொமினிக் ஆஸ்குவித் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். அங்கு மாண்டவர்கள் 379 பேர் என்பது அன்றைய வெள்ளைக்கார சர்க்காரே கொடுத்த கணக்கு. அதற்கு மூன்று நாள் முன்பு அவர்களுடைய பிரதம மந்திரி தெரேசா மே பார்லிமெண்டில் ‘வருத்தம்’ தெரிவித்தார், ‘மன்னிப்பு’ கேட்கவில்லை. தூதரும் வருத்தத்தோடு நின்றுகொண்டார். இதற்காகத் தூதரை வைது என்ன பயன்? தம் சர்க்கார் எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்க அவருக்கு உரிமை கிடையாது. கேட்க வேண்டிய இடம் அவரை அனுப்பிய இடம்.

எப்படிக் கேட்பது என்பதைக் கென்யா தேசத்து முதியவர்கள் காட்டினார்கள். மாவ் மாவ் கிளர்ச்சியின்போது வெள்ளையர் முகாம்களில் சித்திரவதைப்பட்ட அவர்கள், லண்டன் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுத்தார்கள். மறைந்து கிடந்த காலனி ஆட்சித் தஸ்தாவேஜுகள் வழக்கின் இடையே வெளிவந்தன. கடைசியில் 2013-ல், 5,228 பேருக்காக ஒரு கோடியே 99 லட்சம் பவுன் கொடுக்க பிரிட்டிஷ் சர்க்கார் இணங்கிற்று. அவர்கள் மாலையும் போடவில்லை; கல்லும் எறியவில்லை. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டார்கள்.

ஆகவே தோழர்களே, நாம் சொல்வது இதுதான். தூதர் வந்தால் விருந்தினருக்குரிய மரியாதையோடு நாற்காலி கொடுங்கள். நீங்களும் எதிரே நாற்காலியில் உட்காருங்கள். விசாவுக்குப் போகும் பிள்ளைகளிடம், கட்டணம் கட்டிச் சட்டப்படி விண்ணப்பிக்கப் போகிறாய், வரம் கேட்கப் போகவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன தேதி எல்லோருக்கும் தெரியும். அவன் நம் மூளையை விட்டுப் போகும் தேதியை நிர்ணயிக்க வேண்டியவர்கள் நாமேயன்றி வேறு யாருமில்லை.