மூன்றாவது நாடா

இந்த வாரம் என் கோபமெல்லாம் ஓர் எக்ஸெல் பட்டியல் மேல். அனுப்பியவன் என் அக்கா மகன். கோயம்புத்தூரிலிருந்து ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு மாறி வருகிறான். மனைவி, ஆறாவது போகும் மகள், ஒன்றாவது போகும் மகன். “காஞ்சிபுரத்துல ஒரு வீடு பாருங்க மாமா” என்று அவன் போன் செய்தபோது எனக்கு வாயெல்லாம் பல். எந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு, எந்தத் தெரு ஐப்பசி மழைக்கு மிதக்கும், வைகாசியில் வரதர் கருடன் மேல் ஏறி வரும் நாளில் எந்த வீட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே முடியாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை. பட்டியலின் முதல் கட்டத்தில் பள்ளியின் பெயர். அடுத்தடுத்து, சிபிஎஸ்இயா மெட்ரிக்கா, போன வருட ரிசல்ட், கட்டணம், வேன் கட்டணம். தெருவுக்குக் கடைசிக் கட்டம், அதுவும் காலியாக. அதை நான் நிரப்ப வேண்டுமாம்.

புரோக்கரிடம் போனால் அவர் இவனுக்கு அண்ணன். “இது ஸ்கூல் வேன் வர்ற தெரு சார்” என்கிறார், கிழக்கு பார்த்த வாசல் என்று சொல்ல வேண்டிய குரலில். வேன் நுழையாத சந்தில் இதே மாதிரி வீடு ஆயிரம் ரூபாய் குறைவாம். காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியான பிறகு வீட்டு விளம்பரங்களில் புதிதாகச் சேர்ந்தது இந்த வேன்தான்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும் நேரம் வேறு. மூங்கில் மண்டபத்துப் பக்கம் போனால் வானம் தெரியவில்லை. எல்லாம் ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸைத் திட்டி நான் எழுதாத வருடம் உண்டா என்று ஆசிரியர் கேட்கக்கூடும். கேட்கட்டும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே அரசு 2017இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மனசு நோகக் கூடாது, பள்ளிகள் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது என்றுதான். அரசு கைவிட்டதைப் பள்ளிகள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டன. 600க்கு 594 எடுத்த பெண்ணின் முகம் பேருந்தின் பக்கவாட்டு அளவுக்கு. அவள் எந்தக் கிளையில் படித்தாள் என்பது மட்டும் எறும்பெழுத்தில். பக்கத்தில் நிறுவனர் சிரிக்கிறார், அவள் எழுதிய பரீட்சையை அவரே எழுதியது மாதிரி. அந்தப் பெண்ணின் வகுப்பில் 350 வாங்கிய பையனும் ஒருவன் இருப்பான் அல்லவா? அவனுக்கு அந்தப் பள்ளி என்ன செய்தது என்று ஒரு ஃப்ளெக்ஸாவது சொல்லட்டும், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன். அக்கா மகனின் பட்டியலில் ‘ரிசல்ட்’ என்ற கட்டத்துக்குத் தகவல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். வேறெங்கிருந்து? ஃப்ளெக்ஸின் போட்டோவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்கள் பள்ளிக்கூடம் பார்த்து வீடு பிடிப்பதில் ஒரு நியாயம் உண்டு. அங்கே ஒன்றாம் வகுப்புக்கு இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகமானால், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கு முன்னுரிமை, அதற்கடுத்து இரண்டு கிலோமீட்டருக்குள், அப்புறம் சீட்டுக் குலுக்கல். இங்கே உங்கள் விலாசத்தை யார் கேட்கிறார்கள்? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதே, அதில் மட்டும்தான் தமிழ்நாட்டில் ஒரு கிலோமீட்டர் கணக்கு. பணம் கட்டுகிறவர் பத்து கிலோமீட்டரிலிருந்தும் வரலாம், வேன் இருக்கிறது. 1964இலிருந்து 1966 வரை உட்கார்ந்து யோசித்த கோத்தாரி கல்விக் குழு, வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், யார் வீட்டுப் பிள்ளையானாலும், அந்த வட்டாரத்துப் பொதுப்பள்ளியிலேயே படிக்கட்டும் என்றது. நாடு தலையாட்டிவிட்டு வேன் வாங்கப் போய்விட்டது.

சரி, படிப்புக்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த முதல் ஆள் என் அக்கா மகன் இல்லை. வழக்கமான வாசகர்கள் இங்கே கொட்டாவி விடலாம், கல்வெட்டு வருகிறது.

கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் தாளகுண்டா என்று ஓர் ஊர். அங்கே சிவன் கோயில் முன்னால் நிற்கும் தூணில் குப்ஜர் என்ற கவி எழுதிய சம்ஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற பையன் வேதம் முழுக்கப் படித்துவிட வேண்டும் என்று காஞ்சிபுரத்துக் கடிகைக்கு வந்த கதை அதில் வருகிறது. கடிகை என்றால் அந்தக் காலத்து உயர்கல்விக்கூடம். கூட வந்தவர் வீரசர்மன். தாளகுண்டாத் தூண் அவரைக் குரு என்கிறது, குட்னாபூர் கல்வெட்டு தாத்தா என்கிறது. நான் தாத்தா கட்சி. நேர்கோட்டில் அளந்தாலே ஐந்நூறு கிலோமீட்டர். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். எங்கே தங்கினார், எந்தத் தெரு, என்ன சாப்பிட்டார் என்று கல்வெட்டில் ஒரு வரி இல்லை. அதுதான் என் வருத்தம்.

பையன் படித்து முடிக்கவில்லை. பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏதோ தகராறு. அவமானம் தாங்காமல் தர்ப்பையை வீசிவிட்டு வாளை எடுத்தான், காடு புகுந்து பல்லவர்களுக்கே தலைவலியானான், கடைசியில் வனவாசியில் கதம்ப வம்சத்தைத் தொடங்கி வைத்தான். நம் ஊரில் படிப்பைப் பாதியில் விட்டவர்களில் இவனைப்போல் ஆளானவன் கிடையாது. எந்தக் கடிகையும் ஃப்ளெக்ஸ் வைத்திருக்காது.

அதே கடிகையின் ஆட்கள், நாலு நூற்றாண்டு கழித்துப் பல்லவ சிம்மாசனம் காலியானபோது தாங்களே கிளம்பிப்போய்ப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ராஜாவாக அழைத்து வந்தார்கள். அவன்தான் நந்திவர்ம பல்லவமல்லன். வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவரில் அந்தக் கதை சிற்பமாகவே இருக்கிறது, கடிகையாரின் பெயரோடு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் குடும்பத்தோடு காஞ்சிக்குக் குடிவந்து திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டார், பொருள் சொல்வதில் ஆசிரியரோடு மோதிப் பிரிந்தார் என்கிறது குருபரம்பரை. என் அக்கா மகன் தினமும் வேலைக்குப் போகப்போகும் திசையிலிருந்து அவர் படிக்க வந்திருக்கிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், 1060களில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. கோயிலோடு வேதபாடசாலை, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கை ஆஸ்பத்திரி. விடுதிப் பிள்ளைகள் சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய்க்குக்கூட அதில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையை விடுதியில் சேர்க்கும் அம்மாக்கள் கேட்கிற கேள்விக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் பதில்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். “சூப்பர் மாமா” என்றான். ஓரிக்கைப் பக்கம் வேன் வருகிற தெருவில் வீடு பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். நல்லா இருக்கட்டும்.

ஆனால் கல்வெட்டுகளை அடுக்கிக்கொண்டே போனபோது எனக்கே ஒன்று உறைத்தது. இதில் வருகிறவர்கள் எல்லாம் வெளியூர். படிக்க வந்த ஊர் என்று காஞ்சிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் வந்தவர்கள்தான். உள்ளூரில் தறி வீட்டுப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது?

கரை பக்கத்தில்.

பட்டு கட்டுகிறவர்கள் பலருக்கே இது தெரியாது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். அப்படி ஒரு புடவையில் உடலும் கரையும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். அது கோர்வை. உடலின் ஊடை நூல் கரைக்குள் போகாது. கரைக்குத் தனி ஊடை, அதை ஓட்டத் தனி நாடா. இரண்டு நூலும் அந்தக் கோட்டில் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு இழையிலும். ஆக உடலுக்கு ஒரு நாடா, இந்தக் கரைக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. நெய்கிறவருக்கு இருப்பது இரண்டு கை. மூன்றாவது நாடாவைப் போட இன்னொரு ஆள் தறியின் ஓரத்தில் குந்த வேண்டும். வலு வேண்டியதில்லை, கவனம் வேண்டும், சின்ன விரல் என்றால் நல்லது, கூலி குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு புடவைக்குப் பத்து, பதினைந்து நாள். அந்த இடத்துக்குப் பிள்ளையைவிடத் தோதான ஆள் யார்?

பிள்ளையார்பாளையத்தில் நான் பார்த்து வளர்ந்தது அது. பள்ளி மணி அடிப்பது தறிக்குக் கேட்கும். தறிச் சத்தம் வகுப்புக்குக் கேட்கும். நடுவே ஒரு தெரு. பள்ளிக்கூடம் பார்த்து வீடு பிடிக்க வேண்டுமென்றால் அந்த வீடுகளைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவைத் தாண்ட முடியாமல் எத்தனை பிள்ளைகள் பெரியவர்களானார்கள்! சொந்தத் தறி என்றால் அப்பாவுக்கு ஒத்தாசை. அடுத்தவர் தறி என்றால் அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடு. இப்படி அடமானமான பிள்ளைகளைப் பற்றி 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் வாரணாசி, கர்நாடகத்தோடு நம் ஊரும் இருந்தது. ஊரின் மானம் போயிற்று என்று கொதித்தவர்கள் உண்டு. மானம் எப்போது போயிற்று என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு. 1976இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதோ, குடும்பத்தார் உதவியோடு வீட்டில் நடக்கும் தொழிலுக்கு விலக்கு என்று கதவைத் திறந்து வைத்தது. தறி இருப்பதே வீட்டில்தானே.

நெசவாளர் குடும்பத்திலிருந்து ஒருவர் தெருவைத் தாண்டிப் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். குடும்பக் கஷ்டத்துக்கு நகராட்சி அலுவலகத்தில் கொஞ்சகாலம் குமாஸ்தா வேலையும் பார்த்தார், பிறகு சென்னைக்குப் போய்க் கல்லூரியில் சேர்ந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் அண்ணாவின் வீடு இப்போது நினைவு இல்லம். ஒருவர் அப்படிப் போனார் என்று மார் தட்டுகிறோம். அப்படிப் போகக் கிடைக்காதவர்களுக்கு ஏது இல்லம்.

இன்று அந்த ஓரம் பெரும்பாலும் காலி. சத்துணவு, பஸ் பாஸ், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், தொண்டு நிறுவனங்கள் என்று காரணம் பல. எல்லாவற்றுக்கும் மேல், ‘இந்தத் தொழில் என்னோடு போகட்டும்’ என்று அப்பன்மார் எடுத்த முடிவு. எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரைப் போன வாரம் பார்த்தேன். “பொண்ணு காலேஜ் போறா சார். கரைக்கு ஆளுக்கு எங்க போறது? வீட்ல சமையல் முடிச்சுட்டு வந்து உட்கார்ந்தாத்தான் நாடா ஓடும். அவங்களுக்கும் முதுகு வலி” என்றார். அவர் இப்போது கோர்வையைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஆள் நெய்யக்கூடிய புடவைக்கு மாறி வருகிறார்.

பட்டுக் கடைகளில் ஒரு புலம்பல் கேட்கிறேன், கோர்வை முன்போல் கிடைப்பதில்லை, கலை அழிகிறது என்று. மேடை போட்டு வருத்தப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வருத்தம் பாதிதான். கோர்வை குறைந்ததற்கு ஒரு காரணம், ஒரு பிள்ளை ஓரத்திலிருந்து எழுந்து தெருவைத் தாண்டியது. அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். கலை நிற்க வேண்டுமானால் அந்த இடத்தில் பெரியவர் ஒருவர், பெரியவருக்கான கூலிக்கு உட்கார வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. கல்யாணத்துக்குக் கோர்வைப் புடவை எடுக்க வருகிறவர்கள் விலையைக் கேட்டு மலைப்பதற்கு முன், மூன்றாவது நாடாவுக்கும் இதில் கூலி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் பேரம் பேசாதீர்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள், இந்த ஊரில் பட்டுக் கடைக்கா பஞ்சம்.