தொட்டிக்கரியின் அடுத்த படி கொங்கு மண்ணிலேயே நடக்கட்டும்

பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் தேங்காயின் எந்தப் பகுதியும் வீணாவதில்லை. பருப்பு எண்ணெய் ஆலைக்கும் மட்டை கயிற்றாலைக்கும் போக, தொட்டி கரியாகிறது. அந்தத் தொட்டிக்கரியை 800 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்து நீராவி பாய்ச்சினால் கிளர்வூட்டிய கரி கிடைக்கிறது. குடிநீரைச் சுத்திகரிக்கவும் தாதுக் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் உலகமெங்கும் அது வாங்கப்படுகிறது. இதே கரியின் உயர்தர வகைதான் மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டருக்கு மூலப்பொருள். ஜப்பானின் குராரே நிறுவனம் தேங்காய்த் தொட்டியிலிருந்தே மின்முனைக் கரியைத் தயாரித்து விற்கிறது. தொட்டி இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அந்தக் கடைசிப் படியை மட்டும் நாம் பிறருக்கு விட்டுவிடக் கூடாது. எரிசக்தித் துறையில் நானோ தொழில்நுட்பத்துக்குள் நுழையக் கொங்கு நாட்டுக்கு மிக அருகில் இருக்கும் வாசல் இதுவே.

ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நன்கு கிளர்வூட்டிய தொட்டிக்கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. அதனால் ஒரே கிராம் கரிக்குள் 1,000 சதுர மீட்டருக்கு மேல், ஏறத்தாழ கால் ஏக்கர் பரப்பு அடங்கிவிடுகிறது. சூப்பர் கெபாசிட்டரில் மின்னூட்டம் கொண்ட அயனிகள் இந்தத் துளைச் சுவர்களில் போய் ஒட்டி நிற்கின்றன. ஒரு நானோமீட்டருக்கும் சிறிய துளைகளில் சேமிப்புத் திறன் எதிர்பாராத அளவுக்குக் கூடுகிறது என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே வேதிவினை நடப்பதில்லை என்பதால் சில நொடிகளில் மின்னேற்றலாம். லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும்.

லித்தியம் பேட்டரி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கிலோ லித்தியம் பேட்டரி 150 முதல் 250 வாட்-மணி வரை சேமிக்கும். சூப்பர் கெபாசிட்டர் 5 முதல் 10 வரைதான். பகல் வெயிலின் மின்சாரத்தை இரவுக்கு எடுத்துவைக்க இது உதவாது. ஆனால் நொடிப்பொழுதில் பெரும் மின்திறன் தேவைப்படும் இடங்களில் பேட்டரி திணறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. மின்தொடர்பு அறுந்தால் இறக்கைகளைத் திருப்பி நிறுத்தும் அவசர மின்சாரத்துக்கு நவீனக் காற்றாலைகள் பலவற்றில் சூப்பர் கெபாசிட்டரே இருக்கிறது. மின்பேருந்து பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மீட்கவும் அது ஏற்றது. கண்ணூர் அருகே கெல்ட்ரான் நிறுவனம் இஸ்ரோவின் துணையுடன் 2024 அக்டோபரில் சூப்பர் கெபாசிட்டர் உற்பத்தி மையத்தைத் திறந்துவிட்டது. பக்கத்து மாநிலத்தில் தேவை பிறந்திருக்கிறது. கரி எங்கிருந்து போகும் என்பதே கேள்வி.

மின்முனைக் கரிக்குச் சாம்பலும் உலோகக் கலப்பும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். துளையின் அளவு ஒவ்வொரு முறையும் மாறாமல் வர வேண்டும். சிறு ஆலைகள் தனித்தனியே இதற்கு ஆய்வகம் வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கொங்கு நாட்டின் கோவையில்தான் 1956-ல் ஜவுளி ஆலைகள் கூடிச் சிட்ரா ஆய்வு நிறுவனத்தை உருவாக்கின. கரித் தொழிலும் அதே வழியில் போகலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் நானோ துறைகள் இருக்கின்றன. மின்வேதியியலுக்குக் காரைக்குடியில் மத்திய ஆய்வகமே இருக்கிறது. இவர்களையும் ஆலைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது அரசின் வேலை.

மிக வலுவான மறுப்பு சுற்றுச்சூழல் பற்றியது. திறந்த குழிகளில் தொட்டியை எரிப்பதால் புகை சூழ்கிறது, கிணற்று நீர் கெடுகிறது என்று விவசாயிகள் முறையிடுகிறார்கள். கரியைத் தூய்மையாக்க அமிலமும் தேவைப்படும். நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகே திருப்பூர் பாடம் கற்றது. அந்த விலையை இன்னொரு முறை கொடுக்க முடியாது. ஆகவே மூடிய உலை, வெளியேறும் வாயுவை எரித்து வெப்பமாகப் பயன்படுத்தும் அமைப்பு, கழிவுநீரை முழுமையாக மறுசுழற்சி செய்யும் பொது நிலையம் ஆகிய மூன்றையும் உரிமத்தின் முதல் நிபந்தனைகளாக்க வேண்டும். மலிவான கரியை விற்கும்வரை இந்தச் செலவு ஆலைக்குப் பாரம். விலை உயர்ந்த மின்முனைக் கரியால்தான் அதைத் தாங்க முடியும். சுத்தமான உலையும் நானோ துளையும் ஒரே முதலீட்டுத் திட்டத்தில் சேர்ந்து வர வேண்டும். அப்படி வந்தால் தென்னை விவசாயிக்கு விலையும் கிடைக்கும், கிணறும் மிஞ்சும்.